தனித்துயரும் பொதுவரலாறும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயில் பல்லாவரத்தைக் கடந்ததும் அடுத்தடுத்து வரும் இரண்டு நிலையங்களின் பெயர்களை நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோம். அவற்றின் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்று குரோம்பேட்டை; மற்றொன்று தாம்பரம் சானடோரியம். முன்னது குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர். பின்னது எலும்புருக்கி நோயாளிகள் ஊரையும் உறவையும் விட்டு வந்து தங்கிய மருத்துவ நிலையத்தால் வந்தது. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என்றதும் நாம் பல்லவரையும் சோழரையும் கல்வெட்டுகளையும் தேடிப் புறப்பட்டு விடுகிறோம். பல்லவபுரமே பல்லாவரம் ஆயிற்று என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு பெருமிதம் உண்டு. அதை அடுத்துள்ள இரு பெயர்களும் ஏறத்தாழ நூறாண்டுக்குள் தோன்றியவை. ஒரு தொழிலும் ஒரு நோயும் விட்டுச்சென்ற பெயர்கள். அதனாலோ என்னவோ, அவற்றைப்பற்றி எழுத நமக்குக் கை நீள்வதில்லை.

வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்றபோது இந்த இரண்டு பெயர்களே முதலில் நினைவுக்கு வந்தன. அரசர்களின் வரலாற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் அடைந்த துன்பம் எப்படி ஒரு நாட்டின், சில வேளைகளில் உலகத்தின், வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது என்பதைக் காண நம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் அதிகம் இல்லை. கவிதை எழுதுவோர் நிறைந்த இவ்வவையில் இதைப் பேசுவதற்குக் காரணமும் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் ஒரு நூல் வெளியிட்டார். தமிழில் அதைச் 'சமூகவியல் கற்பனை' எனலாம். ஒருவர் தம் வாழ்வில் நேரடியாகப் படும் இடரைச் சொந்தத் தொல்லை என்றும், சமூக அமைப்பிலிருந்தே எழுவதைப் பொதுச் சிக்கல் என்றும் அவர் பிரித்தார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு எளியது. நூறாயிரம் பேர் வாழும் நகரில் ஒருவனுக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அவனுடைய குணத்தையும் திறமையையும் பார்க்கலாம். ஐந்து கோடித் தொழிலாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் ஒவ்வொருவனுடைய குணத்தையும் ஆராய்ந்துகொண்டிருப்பதில் பயனில்லை. நாட்டின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். தனிவாழ்வும் பொதுவரலாறும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்று கண்டறியும் மனத்திறனுக்கே அவர் கற்பனை என்ற சொல்லை ஆண்டார். ஒரு சமூக அறிவியலார் கவிஞர்களின் சொல்லைக் கடன் கேட்டது நமக்கு மகிழ்ச்சி தரத்தக்கது. நம் மரபில் இந்த இடத்தை நெடுங்காலம் ஊழ் என்ற சொல் நிரப்பி வந்தது. வீட்டுப் பேச்சில் அது தலையெழுத்து ஆயிற்று. தலையெழுத்து என்று ஒதுக்கப்பட்டவற்றுள் எத்தனையோ மனிதர் கையால் எழுதப்பட்டவை என்பதை இனி வரும் செய்திகள் காட்டும்.

சானடோரியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதை நிறுவியவர் டாக்டர் சௌரிமுத்து. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் புகழ்பெற்றவர். அங்கே சோமர்செட் பகுதியின் மென்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை இராமாநுஜன் 1917இல் நோயுற்றபோது சில காலம் தங்கியது இவருடைய அந்தச் சானடோரியத்தில்தான். சௌரிமுத்து தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் பன்னிரண்டு படுக்கைகளுடன் தம் நிலையத்தைத் தொடங்கினார். 1937இல் அதை அரசு ஏற்றுக்கொண்டது.

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. 1882இலேயே ராபர்ட் கோக் நோய்க்கிருமியைக் கண்டு சொல்லிவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் வழி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிட்டவில்லை. ஆகவே திறந்தவெளிக் காற்று, நீண்ட ஓய்வு, நல்ல உணவு ஆகிய மூன்றுமே மருத்துவம். இம்மூன்றும் எவரிடம் இல்லையோ அவரையே இந்நோய் அதிகமாகப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். இருண்ட ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் உறங்கும் வீடு, பஞ்சுத்தூசி பறக்கும் ஆலை, அரைவயிற்றுக் கஞ்சி ஆகியவை நோயை வளர்த்தன. நோயாளியின் குடும்பமோ அதை மறைத்தது. குலத்தில் வரும் நோய் என்றனர் சிலர். ஒழுக்கக்கேட்டின் பலன் என்றனர் சிலர். முற்பிறப்புப் பாவம் என்றனர் பலர். வீட்டில் ஒருவருக்குக் காசம் என்று தெரிந்தால் அவ்வீட்டுப் பெண்ணுக்கு மணம் பேச வருவோர் குறைந்தனர். சம்பாதிப்பவர் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், சானடோரியத்தில் கிடக்க, குடும்பம் கடனில் மூழ்கியது. இவ்வளவும் அந்தந்த வீட்டாரின் சொந்தத் துயரமாகவே அனுபவிக்கப்பட்டது. அடுத்த தெருவிலும் அதே நோய்க்காக அதே பொய் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது எவருக்கும் தெரியாது.

1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நல நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. அப்போது ஐசோனியசிட் போன்ற மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் இந்தியா முழுவதற்கும் சானடோரியப் படுக்கைகள் எங்கே போவது? எனவே மையத்தார் ஓர் எளிய கேள்வியை எழுப்பினர்: இம்மருந்துகளை நோயாளி தன் வீட்டிலிருந்தே உட்கொண்டால் என்ன ஆகும்? சென்னையின் நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வோடும் நல்லுணவோடும் ஓராண்டு மருந்து பெற்றனர். மற்றவர் தம் சிறு வீடுகளிலேயே, கிடைத்த உணவை உண்டு, இயன்ற வேலையைச் செய்துகொண்டு, அதே மருந்தைப் பெற்றனர். ஆண்டு முடிவில் இரு பிரிவாரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டில் இருந்த நோயாளியால் மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை என்பது தொடர்ந்து கவனித்தபோது தெரியவந்தது. இம்முடிவுகள் உலக நல நிறுவனத்தின் இதழில் 1959இல் வெளிவந்தன; அதாவது மில்ஸின் நூல் வந்த அதே ஆண்டில். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. எனினும் இந்த உடன்நிகழ்வை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததற்குச் சென்னை ஏழைகளின் ஒற்றை அறை வீடுகளும் ஒரு காரணம் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். வயது நாற்பத்திரண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டுவிட்டது. ஐசோனியசிட் காசநோய்க்கு உதவும் என்பது 1952இல் தெரிந்தது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் நோயோடு போராடினார். அவருடைய மறைவைத் தமிழுலகம் மேதைகளுக்கே உரிய சோக முடிவாகப் பேசிப் பழகிவிட்டது. மேதைமைக்கும் நுரையீரலுக்கும் ஏதோ உறவு இருப்பதுபோல் எழுதியவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. எந்த மேதைமையும் இல்லாத அச்சுக்கோப்பவரும் ஆலைத் தொழிலாளரும் அதே ஆண்டில் அதே நோயால் ஆயிரக்கணக்கில் மாண்டனர். புதுமைப்பித்தனின் இறப்பைத் தமிழ் எழுத்தாளனின் வறுமை, போருக்குப் பிந்திய நாட்டின் நிலை, மருந்து கடல் கடந்து வந்துசேரும் வேகம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது நம்மை உண்மையாகவே சினங்கொள்ளச் செய்கிறது.

மருந்து வந்தபின் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. நோயாளி நெடுநாள் மருந்தை விடாமல் உட்கொள்ள வேண்டும். நாட்கூலிக்காரருக்கு மருந்து வாங்கச் செல்லும் நாள் கூலி போகும் நாள். அவர் இடையில் நிறுத்திவிட்டால் மருத்துவப் பதிவேடுகள் அவரை நெடுங்காலம் 'டிபால்டர்' என்றே குறித்துவந்தன. கடன் தவணை கட்டாதவருக்கு வழங்கும் அதே சொல்! பொதுச் சிக்கல் மீண்டும் ஒரு தனிமனிதனின் குற்றமாக எப்படித் திரும்பிவிடுகிறது என்பதற்கு இந்தச் சொல் ஒன்றே போதும். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. 1993 முதல் தாம்பரம் மருத்துவமனை அந்நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. பிற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தமிழகத்துக்கு வெளியிலிருந்தும் இங்கே வந்தனர். அதே பழைய ஒதுக்கல், அதே பழைய மறைப்பு. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கிய மையங்களுள் தாம்பரமும் ஒன்று. நோயின் பெயர் மாறியது; நோயாளியைக் குற்றவாளியாக்கும் வழக்கம் மாறவில்லை.

இனிக் கவிஞர்களுக்கான செய்திக்கு வருகிறேன். சங்க அகப்பாடல்களில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் மரபு. பெயரை நீக்கியதன் விளைவு என்ன? ஒருத்தியின் துயரம் அவளுடையதாக இருந்துகொண்டே எவளுடையதாகவும் ஆகிறது. பாலைத்திணையைப் பாருங்கள். தலைவன் பொருள் தேடிப் பிரிகிறான். தலைவி இல்லிலிருந்து வருந்துகிறாள். இது காதல் துயரம் மட்டுமன்று. பாலைப் பாடல்களில் வேங்கடத்துக்கு அப்பால் வேற்றுமொழி வழங்கும் நாடு வருகிறது. உப்பு வணிகர் வண்டிகள் வருகின்றன. வழிப்பறி செய்யும் மறவர் அம்புக்கு இரையான வழிப்போக்கர் வருகின்றனர். ஒரு வணிகப் பொருளாதாரம் முழுவதும் அந்தப் பெண்ணின் நெகிழ்ந்த வளைகளுக்குப் பின்னே நிற்கிறது. அகம் வேறு புறம் வேறு என்று வகுத்த நம் முன்னோர் அகத்துக்குள் புறத்தை எப்படி வைப்பது என்பதையும் அறிந்தே இருந்தனர். இன்றைய கவிதையில் 'நான்' நிறைந்திருக்கிறது. அந்த 'நான்' எந்த ஆண்டில், எந்தத் தெருவில், எந்தச் சம்பளத்தில் வாழ்கிறது என்பது மட்டும் தெரிவதில்லை. மறுபுறம், சமூகக் கவிதை என்ற பெயரில் மனிதரே இல்லாத முழக்கங்கள் வருகின்றன. இரண்டும் ஒரே குறையின் இரு வடிவங்கள் என்பது என் கருத்து.

பொருள்வயிற் பிரிவை ஒட்டி அனகாபுத்தூருக்குச் செல்வது பொருத்தமாக இருக்கும். இங்கே பிரிந்து கடல் கடந்தது மனிதரல்லர், துணி. பம்மலுக்கு அப்பால் அடையாற்றங்கரையில் உள்ள இந்த ஊர் நெசவாளர் ஊர். இங்கே கட்டம் போட்ட ஒருவகைத் துணி நெய்யப்பட்டது. ஏற்றுமதி வணிகத்தில் அதன் பெயர் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்', அதாவது அசல் சென்னைக் கைக்குட்டை. கைக்குட்டை என்பது பெயரளவில்தான். உடுத்துவோர் இடுப்பில் சுற்றுவார்கள், தலையில் கட்டுவார்கள். உள்ளூரில் அதை எவரும் உடுத்தியதில்லை. அது போய்ச் சேர்ந்த இடம் மேற்கு ஆப்பிரிக்கா, குறிப்பாக நைஜீரியா.

இந்தத் துணியின் வழி மிகப் பழையது. ஆங்கிலேயர் 1639இல் சென்னையில் கால் ஊன்றியதே துணிக்காகத்தான். நெசவாளரைக் குடியமர்த்துவதற்கென்றே 1734இல் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினர். சோழமண்டலக் கரையின் துணிகள் ஐரோப்பியர் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்கா சென்று அங்கே அடிமைகளுக்கு விலையாகவும் கொடுக்கப்பட்டன என்பது வரலாறு. நம் கரையின் பாவும் ஊடையும் மனிதரை விற்ற சந்தையில் நாணயமாகப் புழங்கியிருக்கின்றன. அதை நெய்தவன் அறியான். அறிந்திருக்க வழியும் இல்லை.

நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் கலபாரி என்றொரு மக்கள் கூட்டம் உண்டு. அவர்கள் இத்துணியை 'இன்ஜிரி' என்பர். பிறப்பிலும் இறப்பிலும் சடங்குகளிலும் அதற்கு இடம் உண்டு. இறந்தவரைக் கிடத்தும் அறையை அதனால் அணிசெய்வர். துணியிலுள்ள சில இழைகளை மட்டும் நுட்பமாக வெட்டி உருவி, புதிய உருவங்கள் தோன்றச் செய்வது கலபாரிப் பெண்களின் தனிக்கலை. நம்மவர் நெய்து முடித்த இடத்திலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது அயல்நாட்டுச் சரக்கன்று. முன்னோர் உடுத்திய துணி. பாட்டியின் பெட்டியில் மடித்து வைத்துப் பேத்திக்குக் கொடுக்கப்படும் சொத்து.

1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் உள்நாட்டுப் போர் நடந்தது. கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்ற பெயரில் பிரிந்து நிற்க முயன்றது; இத்துணியை விரும்பி வாங்கிய மக்கள் வாழ்ந்த பகுதிகளும் அந்தப் போரில் சிக்கின. போர் முடிந்தபின் எண்ணெய் வருவாயால் நாடு செழித்தது. தன் ஆலைகளைக் காத்துக்கொள்ள நைஜீரிய அரசு 1970களில் துணி இறக்குமதிக்குத் தடை விதித்தது. அதில் தவறு காண நமக்கு உரிமை இல்லை. காலனியாய் இருந்த ஒரு நாடு தன் தொழிலை வளர்க்க விரும்பியது. சுதேசி பேசிய நாமும் அதைத்தான் செய்தோம். ஆனால் அந்தக் கையெழுத்து அனகாபுத்தூரில் தறிகளை நிறுத்திவிட்டது. சிலர் புடைவை நெசவுக்கு மாறினர். பலர் தறியை விட்டே விலகினர். தறிக்குழியை மூடிவிட்டு வேறு கூலிக்குப் போன ஒரு குடும்பத்தலைவர் தம் வீட்டாரிடம் என்ன சொல்லியிருப்பார்? முதலாளி ஆர்டர் தருவதில்லை என்றிருப்பார். காலம் சரியில்லை என்றிருப்பார். வீட்டார் அவருடைய சாமர்த்தியக் குறைவை நொந்திருக்கவும் கூடும். நைஜர் ஆற்றின் பெயரை அவர்களுள் எவரும் கேள்விப்பட்டிருக்க வேண்டிய தேவை இல்லை. மில்ஸ் வகுத்த இரு பிரிவும் ஒரே குடும்பத்தில் ஒரே மாலைப்பொழுதில் எப்படிக் கலந்து நிற்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். இப்போது அவ்வூரில் சிலர் வாழைநார் முதலிய இயற்கை இழைகளைக் கொண்டு நெய்து பெயர் பெற்றுவருகின்றனர். மகிழ வேண்டிய செய்தி; ஆனால் அது தனிக்கதை.

இதுவரை சொன்னவை வெளியுலக வரலாறு வீட்டுக்குள் நுழைந்த கதைகள். வீட்டுக்குள் நடந்தது வரலாற்றுக்குள் நுழைந்ததற்கும் நம் வட்டாரத்தில் சான்று உண்டு. மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடமாக வைக்காமல் விருப்பப்பாடமாக்கியதன் விளைவாக அவர் அப்பணியிலிருந்து விலக நேர்ந்தது. கல்வித்துறையின் ஒரு விதி ஓர் ஆசிரியரின் குடும்ப வருவாயைத் தொட்டது. அவர் நகரை விட்டுப் பல்லாவரத்தில் வந்து குடியேறினார். நூல்களும் சொற்பொழிவுகளும் சமரச சன்மார்க்க நிலையமும் அங்கே வளர்ந்தன. 1916இல் தம் மகள் நீலாம்பிகையுடன் அவர் வள்ளலார் பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தபோது, அதில் வரும் 'தேகம்' என்ற சொல்லுக்கு மாறாக 'யாக்கை' என்றிருந்தால் இன்னும் இனிக்குமே என்ற எண்ணம் பிறந்ததாகவும், வேதாசலம் என்ற தம் பெயரை அவர் மறைமலை என மாற்றிக்கொண்டதாகவும் தனித்தமிழ் இயக்க வரலாறு கூறும். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

இந்நிகழ்ச்சியைப் பலரும் அழகிய தொடக்கக் கதையாகச் சொல்லி விட்டுவிடுகின்றனர். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வந்து நின்றது என்பதே என் கேள்வி. தமிழுக்குப் பாடத்திட்டத்தில் இடம் குறைந்த கசப்பு இருந்தது. 1856இல் கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் தமிழ் தனித்தியங்கவல்லது என்று காட்டியிருந்தது. 1916 நவம்பரிலேயே நீதிக்கட்சியின் தோற்றத்துக்குக் காரணமான தென்னிந்திய நல உரிமைச் சங்கமும் அமைந்தது. இவை இல்லாமல் அதே தந்தையும் அதே மகளும் அதே பாடலைப் பாடியிருந்தால், அந்த எண்ணம் ஒரு சுவையான பேச்சாகக் காற்றில் கலந்திருக்கும். ஆனால் இவை மட்டும் இருந்து அந்தத் தந்தையின் செவி நுட்பம் இல்லாதிருந்தால், இயக்கத்துக்கு ஒரு சொல் கிடைத்திராது. சமூகம் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று எண்ணுவோர் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள். தனித்தமிழின் தந்தை தம் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதிவந்தார் என்பதையும் இங்கே குறிக்கலாம். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. ஒரு காலத்தின் முரண்கள் முழுவதும் ஒருவருடைய மேசைமேல் கிடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். அவர் விட்டு வந்த கல்லூரியும் 1937இல் அதே ரயில்பாதை வழியே தாம்பரத்தின் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அடிகள் 1950 வரை வாழ்ந்தார்; பதின்மூன்று ஆண்டுகள் இருவரும் அண்டை அயலார்.

அனுபவித்தவருக்கே எல்லாம் தெரியும் என்ற ஒரு நம்பிக்கை எழுத்தாளரிடையே உண்டு. அதை 2015 வெள்ளத்தை வைத்துச் சற்று உரசிப் பார்க்க விரும்புகிறேன். அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ஓய்வூதியப் பணத்தைப் போட்டு வீடு கட்டியவர்கள் மொட்டைமாடியில் நின்றார்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள், அதனால் மூழ்கினோம் என்றே இன்றும் மேற்குத் தாம்பரத்தில் பலர் சொல்கிறார்கள். செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் சேருமிடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேற்புறம், ஆற்றின் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. அங்கே பாய்ந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய ஏரிகளின் உபரிநீர். சைதாப்பேட்டைக்கும் ஜாபர்கான்பேட்டைக்கும் செம்பரம்பாக்கம் காரணம் என்றால், முடிச்சூருக்குக் காரணம் கலங்கலுக்குக் கீழே மனைபிரித்து விற்றதும் கால்வாய்களைக் குறுக்கியதும். தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அவ்வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. மார்பளவு நீரில் நின்றவரின் அனுபவம் உண்மை. அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதை அனுபவம் மட்டும் சொல்லித் தராது; நிலப்படத்தையும் பழைய ஏரிக் கணக்கையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும். நாம்தானே ஆராயாமல் மனை வாங்கினோம் என்று தம்மையே நொந்துகொண்ட குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு அந்த நிலப்படம் ஓர் ஆறுதலும் ஆகும். யாரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பதை அதுவே காட்டும்.

இதற்கு வழிமுறை நம் ஊரிலேயே இருந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ஆம் ஆண்டளவில் தம் மாணவர்களை விடுமுறையில் அவரவர் ஊருக்குக் கேள்விப்பட்டியலோடு அனுப்பினார். பிறந்த ஊரையே அயலூரைப்போல் எண்ணி எழுதிவரச் சொன்னார். யாரிடம் நிலம், யாருக்குக் கடன், கூலி என்ன, கிணறு யாருடையது? அக்கட்டுரைகள் 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாயின. அவற்றுள் ஒன்றான தென்னார்க்காட்டு இருவேல்பட்டுக்கு 1930களிலும் 1961இலும் 1980களிலும் ஆய்வாளர் மீண்டும் மீண்டும் சென்று பார்த்தனர். ஒரே ஊரின் தனிமனிதத் துயரங்கள் தலைமுறைதோறும் எப்படி உருமாறின என்பதை அதனால் காண முடிந்தது.

வட்டத்தின் உறுப்பினர் பலர் இவ்வட்டாரத்தையே வாழ்விடமாகக் கொண்டவர்கள். அனகாபுத்தூரின் ஒரு நெசவுத் தெரு, சானடோரியத்தை ஒட்டிய ஒரு தெரு, முடிச்சூரின் ஒரு மனைப்பிரிவு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, கவிதை எழுதுவோர் இருவர் இருவராகச் சென்று கேட்டு எழுதிவரலாம். மாத அமர்வுகளில் அவற்றைப் படிக்கலாம். கவிதை பிறந்தால் நல்லது. பிறக்காவிட்டாலும் குறிப்புகள் மிஞ்சும். நெசவுத் தெருவிலிருந்து தொடங்குவது நல்லது. நைஜீரியாவுக்கு நெய்த கைகளில் மிக இளையவர்கூட இப்போது எழுபதை எட்டியிருப்பார்.